கோடைக்கு ஒரு நிதானமான கார்ப் பயணம்: அக்கானியும் தேனும் அரண்மனையும் – உங்கள் ஆலோசனை தேவை

வடசேரி வாசி | ஞாயிறு, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் மே மாதத்தில் சில நாட்கள் விடுப்பு எடுத்திருக்கிறோம். நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்று, ஒயின் தயாரிக்கும் இடங்களைப் பார்த்துவிட்டு, வழியில் ஓரிரு அருங்காட்சியகங்களையும் ஆற அமரப் பார்த்து வரலாம் என்பதுதான் முதலில் போட்ட திட்டம். விசாரித்தபோது, அங்கே திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும் என்றும், ஏப்ரலில் கொடிகளையெல்லாம் கழித்துவிட்டு விடுவார்கள் என்றும் தெரியவந்தது. மே மாத வெயிலில் மொட்டைக் கொடிகளைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன் என்று விட்டுவிட்டோம்.

அப்போதுதான் என் கணவர் ஒன்றைக் கேட்டார். அவர் கோவையைச் சேர்ந்தவர். திருமணமாகி இங்கே வந்த பிறகும் விவேகானந்தர் பாறை, சுசீந்திரம், திற்பரப்பு ஆகிய மூன்றைத் தவிர நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எதையும் அவர் சரியாகப் பார்த்ததில்லை. "விளைகிற இடத்துக்கே போய்க் குடித்துப் பார்ப்பதற்கு உங்கள் ஊரில் ஒன்றுமே இல்லையா?" என்பது அவருடைய கேள்வி. நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்திருந்தும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

எங்கள் எதிர்பார்ப்பு எளியது. சொந்தக் காரில் செல்வோம். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். நண்பகலில் எங்காவது நிழலில் ஓய்வெடுக்க வேண்டும். அந்தந்த இடத்தில் விளைவதையோ காய்ச்சுவதையோ சுவைத்துப் பார்க்க வேண்டும். பழைய பொருட்களையும் கட்டடங்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் போகலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

முக்கடல் | ஞாயிறு, காலை 10.25

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சகோதரி? கன்னியாகுமரியிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். காந்தி மண்டபச் சாலையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கற்சிற்பங்களும் மரச்சிற்பங்களும் பார்க்கத் தகுந்தவை. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். விவேகானந்தரின் பயணத்தை விளக்கும் கண்காட்சியும் ஊருக்குள்ளேயே உள்ளது. பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தை உங்கள் கணவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மாலையில் வட்டக்கோட்டைக்குச் சென்றால், வெயில் தாழ்ந்த பிறகு கோட்டைச் சுவரின் மேல் கடற்காற்று வாங்கலாம். எல்லாம் அருகருகே இருப்பதால் காரை எடுக்கும் வேலையே அதிகம் இருக்காது.

வேளிமலை அடிவாரம் | ஞாயிறு, முற்பகல் 11.50

முக்கடல் அண்ணன் சொல்வது வெளியூர்க்காரர்களுக்குப் பொருந்தும். மே மாதத்தில் படகுக்காக வெயிலில் வரிசையில் நிற்பதை நிதானமான பயணம் என்று சொல்ல என்னால் முடியாது. மேலும், இவர்கள் கார்ப் பயணத்துக்கு அல்லவா வழி கேட்கிறார்கள்? காரே தேவைப்படாத இடத்தைச் சொன்னால் எப்படி?

என்னைக் கேட்டால், நாகர்கோவிலிலிருந்து மேற்கே திரும்புங்கள். கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு ஆகிய தாலுகாக்களுக்குள்ளேயே சுற்றுங்கள். பனை, ரப்பர், வாழை, பலா எல்லாம் அங்கேதான் கலந்து கிடக்கின்றன. மாவட்டத்தின் பழைய அரண்மனையும் கோட்டையும் குடைவரைக் கோவிலும் அங்கேதான் உள்ளன. தெற்கே முனையைப் பார்த்தால் கடலைப் பார்த்ததாகும். மேற்கைப் பார்த்தால்தான் இந்த மாவட்டத்தைப் பார்த்ததாகும் என்பது என் கட்சி.

தொடக்கம் பத்மநாபபுரம் அரண்மனையாக இருக்கட்டும். தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். திங்கட்கிழமை மூடியிருக்கும், மதியமும் இடைவேளை உண்டு. ஆகவே ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுவது நல்லது. பள்ளி நாட்களில் பேருந்தில் கூட்டிச் சென்று, ஆசிரியர் கைதட்டிக் கைதட்டி விரட்டியபடி காட்டிய இடமாகவே நம்மில் பலருக்கு அது நினைவில் நின்றுவிட்டது. இருவர் மட்டும் அவசரமில்லாமல் போனால் அது வேறு இடமாகத் தெரியும்.

1601-ஐ ஒட்டித் தொடங்கிய கட்டுமானம் அது. 1750 வாக்கில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அதைப் பெரிதாக்கிக் கட்டி, கல்குளம் என்றிருந்த இடத்துக்குப் பத்மநாபபுரம் என்று பெயரிட்டார். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குச் சென்றுவிட்டது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே தொடர்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசிடம் நுழைவுச்சீட்டு வாங்கும்போது உங்கள் கணவர் காரணம் கேட்பார். இப்போதே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே எதை நின்று பார்க்க வேண்டும் என்றால், முதலில் மந்திரசாலை. வண்ண மைக்காத் தகடுகள் பதித்த சன்னல்கள் வழியே வரும் வெளிச்சம் நண்பகலிலும் மங்கலாகவே இருக்கும். காற்று மட்டும் தாராளமாக வரும்படி மரச் சட்டங்களைச் சாய்த்து அமைத்திருக்கிறார்கள். எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து பூசித் தேய்த்ததாகச் சொல்லப்படும் கருந்தரை இன்றும் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிறது. வெறுங்காலோடு அதில் நடக்கும்போது, வெளியே மே மாதம் என்பதே மறந்துபோகும். அடுத்து, அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம். அங்குள்ள ஒற்றைப் பலாமரத் தூணின் செதுக்கு வேலைக்காகவே ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம், ஆனால் போட விடமாட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்து உண்ணக்கூடிய ஊட்டுப்புரையை எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள். அங்கே வரிசையாக வைத்திருக்கும் பெரிய ஊறுகாய்ச் சாடிகளைப் பார்த்தால் அந்தக் காலத்துச் சமையலின் அளவு புரியும். வளாகத்திலேயே தனி அருங்காட்சியகமும் உண்டு. கல்வெட்டுகளில் ஆர்வம் இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடம் போதும்.

பனைவிளை | ஞாயிறு, மாலை 5.15

அக்கா கேட்ட முதல் கேள்விக்கு, அதாவது விளைகிற இடத்தில் குடித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்பதற்கு, இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அக்கானி, அதாவது பதநீர், இருக்கிறது. என் அப்பா பனையேறி. இந்தத் தொழிலை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மே மாதம் என்பது பனையின் பருவம். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் இறங்கிவிட்டால் நம் மேற்குப் பகுதியில் மரம் வழுக்கும், பாளைக்குள் நீர் இறங்கும், அத்தோடு பனையேற்றம் அடங்கிவிடும். ஆகவே, மாதத்தின் முற்பகுதியில் வந்தால் நல்லது. பனையேறி விடியற்காலையிலும் மாலையிலும் ஏறுவார். மிருக்குத்தடியை மரத்தில் சாய்த்து ஏறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டு, சொட்டும் நீரைக் கலயத்தில் பிடிப்பார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்கும். அந்தச் சுண்ணாம்புதான் நீரைப் புளிக்கவிடாமல் காக்கிறது. அது இல்லாவிட்டால் இறக்குவதற்குள்ளேயே கள்ளாக மாறத் தொடங்கிவிடும். ஒயினுக்குப் புளிக்க வைப்பது கலை என்றால், அக்கானிக்குப் புளிக்காமல் காப்பதுதான் கலை. சுண்ணாம்பு கூடினால் சுவை கெடும், குறைந்தால் புளித்துவிடும். இதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது, கைப்பழக்கம்தான்.

காலை ஏழரை மணிக்குள் விளைக்கு (பனந்தோப்புக்கு) வந்துவிட்டால், அன்றைக்கு இறக்கியதைப் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். மாங்காயைக் கொத்திப் போட்டுக் குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு மரத்தின் அக்கானியைப்போல் இன்னொரு மரத்தின் அக்கானி இருக்காது. இந்த வேறுபாட்டை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. அருகருகே உள்ள இரண்டு மரங்களின் நீரைத் தனித்தனியாகக் குடித்துப் பார்த்தால் நீங்களே சொல்வீர்கள்.

எட்டு மணிக்கு மேல் காய்ச்சும் வேலை தொடங்கிவிடும். பெரும்பாலும் அதைச் செய்வது பெண்கள்தான். ஓலைப்புரைக்குள் அடுப்பின் முன்னால் மணிக்கணக்கில் நின்று கிண்ட வேண்டும். பொங்கி வழிய வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். பாகு கெட்டியாகித் தண்ணீரில் விட்டால் உருண்டு நிற்கும் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். கருப்பட்டியின் அரைக்கோள வடிவம் அந்தச் சிரட்டையின் வடிவம்தான்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இது காட்சிக்கூடம் அல்ல. மரத்தின் மேல் இருப்பவரைக் கீழே நின்று கூப்பிட்டுக் கைப்பேசியைப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அவர் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்று அவர்கள் நினைப்பதில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து, வேலை நடக்கும்போது ஒதுங்கி நின்று பார்த்து, போகும்போது விலை பேசாமல் கருப்பட்டி வாங்கிச் செல்பவர்களை எந்த விளையிலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

வடசேரி வாசி | ஞாயிறு, இரவு 8.30

மிக்க நன்றி. பனைவிளைத் தம்பி எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். நாசிக் பேச்சு அத்தோடு எங்கள் வீட்டில் முடிந்தது. ஆனால் அவருக்குச் சில ஐயங்கள் உள்ளன. கள்ளை இங்கே சுவைத்துப் பார்க்க முடியாதா என்று கேட்கிறார். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை காய்க்குமாமே, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார். எனக்கு என் கவலை: விடியற்காலை அக்கானிக்கும் ஒன்பது மணி அரண்மனைக்கும் ஒரே நாளில் ஓடினால் அது நிதானப் பயணமாக இருக்குமா?

குழித்துறை ஆறு | ஞாயிறு, இரவு 10.05

கள்ளுக்கு விடை எளிது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது; களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகள் உண்டு. ஆனால் காரில் போய்க் குடித்துவிட்டுக் காரிலேயே திரும்புவது எந்த மாநிலத்திலும் குற்றம். ஒயின் தோட்டங்களுக்குச் செல்லும் தம்பதிகளில் ஓட்டுபவர் வாயில் வைத்ததைத் துப்பிவிட வேண்டும் அல்லது மற்றவர் குடிப்பதை வேடிக்கை பார்க்க வேண்டும். அக்கானியில் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் வீட்டில் யார் ஓட்டினாலும் இருவரும் குடிக்கலாம்.

கம்பம் நல்ல யோசனைதான், ஆனால் இந்தப் பயணத்துக்கு உரியதல்ல. அங்கே பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது என்பது உண்மை. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நாகர்கோவிலிலிருந்து போவதற்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். எப்போதும் காய்க்கும் திராட்சையை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அக்கானி மழை வந்தால் நின்றுவிடும்.

அதற்குப் பதிலாகத் தேனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் பகுதித் தேனுக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இங்கே தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர் விடும்போது, அந்த இளம் இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசியும்; தேனீக்கள் அதைத்தான் சேகரிக்கின்றன. ஆகவே, ரப்பர் தளிர்க்கும் மாசி, பங்குனிதான் தேன் எடுப்புக் காலம். மே மாதத்தில் அந்த ஆண்டின் தேன் வடித்து வைத்திருப்பார்கள். பெட்டியிலிருந்து எடுப்பதைப் பார்க்க முடியாது, ஆனால் சுவைத்துப் பார்த்து வாங்கலாம். குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தேனையும், மற்ற தோட்டங்களின் பூந்தேனையும் அடுத்தடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். நிறம், மணம், பிசுபிசுப்பு மூன்றிலும் வேறுபாடு தெரியும்.

மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஊரக மேம்பாட்டுப் பணியோடு பரவியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அதை முன்னின்று நடத்தினார். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் வந்து பெட்டி பெட்டியாக ஈக்கள் அழிந்த காலத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதிலிருந்து மீண்டு வந்த தொழில் இது.

முக்கடல் | திங்கள், காலை 7.20

என் பேச்சு எடுபடவில்லை என்பது தெரிகிறது, பரவாயில்லை. ஆனால் மேற்குப் பக்கம் என்றாலே மாத்தூர் தொட்டிப் பாலத்தை யாராவது சொல்வார்கள். அதற்கு முன்பே எச்சரித்துவிடுகிறேன். கோடையில் அணைகள் மூடியிருக்கும் காலத்தில் தொட்டியில் பெரும்பாலும் தண்ணீர் ஓடாது. ஜூன் மாதத்தில் கன்னிப்பூ (முதல் போக நெல்) சாகுபடிக்குத் திறந்துவிட்ட பிறகு பார்ப்பதுதான் அழகு. மே மாத நண்பகலில் காய்ந்த கான்கிரீட் தொட்டிக்குப் பக்கத்தில் நடக்க வைத்து என்ன காட்டப் போகிறீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவட்டாறு | திங்கள், காலை 10.40

முக்கடல் அவர்களின் எச்சரிக்கை நியாயமானது, ஆனால் முடிவு நியாயமானதல்ல. தண்ணீர் இல்லாதபோதுதான் அந்தக் கட்டுமானத்தின் உட்புறம் தெரிகிறது. பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 28 தூண்களில், ஏறத்தாழ 115 அடி உயரத்தில், ஒரு மலைச்சரிவிலிருந்து இன்னொரு மலைச்சரிவுக்குக் கால்வாயைத் தூக்கிச் சென்றிருக்கிறார்கள். 1966-இல் அது கட்டி முடிக்கப்பட்டது. ரப்பர், தென்னை, வாழை எல்லாம் கீழே விரிந்து கிடக்கும் காட்சி மாலை ஐந்து மணிக்கு எந்த மாதத்திலும் நன்றாகவே இருக்கும். நண்பகலில் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லையே, தம்பி?

இனி, வடசேரி வாசி அவர்களுக்கு. நிதானம் என்பது இடங்களைக் குறைப்பதில் மட்டும் இல்லை, அம்மா. ஒன்றையொன்று விளக்கும் இரண்டு இடங்களை ஒரே நாளில் வைப்பதிலும் இருக்கிறது. அந்த நோக்கில் என் கருத்தைச் சொல்கிறேன்.

பத்மநாபபுரத்தோடு புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையைச் சேருங்கள். தலைநகரைக் காத்த கோட்டை அது. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சரணடைந்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவிடமே பணியில் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். பீரங்கி வார்க்கும் உலையும் இக்கோட்டைக்குள் இருந்தது. 1777-இல் இறந்த அவருடைய கல்லறை, கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயத்தில், லத்தீனிலும் தமிழிலும் பொறித்த எழுத்துகளோடு இருக்கிறது. அரண்மனையில் மன்னரின் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் தோற்று வந்தவரின் பக்கத்தை இங்கே பார்க்கலாம். இப்போது அங்கே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருப்பதால் மரநிழலுக்குக் குறைவில்லை.

இன்னொரு நாளைச் சிதறாலுக்கும் திருநந்திக்கரைக்கும் கொடுங்கள். சிதறால் மலை, மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். திருச்சாரணத்துமலை என்பது அதன் பழைய பெயர். இயற்கையான பாறைப் பிளவின் நெற்றியில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பாம்புப் படத்தின் கீழ் நிற்கும் பார்சுவநாதரையும், சிங்கத்தோடு இருக்கும் அம்பிகையையும் எளிதில் அடையாளம் காணலாம். ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் அது பகவதி கோவிலாக மாறியது. ஆனால் சமணச் சிற்பங்களை யாரும் சிதைக்கவில்லை. பாறை சூடேறுவதற்கு முன், காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும்.

குலசேகரத்தை அடுத்த திருநந்திக்கரையில் இருப்பது குடைவரை. சுவரிலும் கூரையிலும் ஓவியங்கள் இருந்ததற்கான தடயங்களே இப்போது எஞ்சியுள்ளன. சாய்ந்த வெளிச்சத்தில் பொறுமையாக நின்றால்தான் கோடுகள் பிடிபடும். முட்டம் என்ற ஊரை மும்முடிச்சோழநல்லூர் எனப் பெயர் மாற்றி, ஐப்பசிச் சதயத்தில் தன் பிறந்தநாள் விழாவை நடத்துவதற்காக முதலாம் ராஜராஜன் கொடையளித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு இங்குள்ளது. தஞ்சாவூர்ப் பெரிய கோவிலை மட்டுமே ராஜராஜனோடு இணைத்துப் படித்தவர்களுக்கு இந்தச் சிறு குகையின் வாசலில் அவன் பெயரைக் காண்பது வியப்பாக இருக்கும். என் மாணவர்களை அங்கே கூட்டிச் சென்றபோதெல்லாம் அவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் காய்த்த, பலாவைப் போன்ற அயனிச்சக்கையைத்தான் அதிகம் கவனித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாஞ்சில் ஐயம் | திங்கள், பிற்பகல் 2.10

ஒரு மாற்றுக் கருத்து. டீச்சர் சொன்ன இடங்கள் எல்லாம் அருமையானவைதான், ஆனால் இவர்கள் அருங்காட்சியகம் அல்லவா கேட்டார்கள்? சிதறாலும் திருநந்திக்கரையும் அருங்காட்சியகங்கள் அல்ல. அங்கே விளக்கப் பலகை இருந்தாலும் விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. உண்மையான அருங்காட்சியகம் வேண்டுமென்றால் திருவனந்தபுரம் வரை போய்விடுவது நல்லது. 1880-இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகம், சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை இரண்டையும் ஒரு நாளில் பார்த்துவிடலாம். இரண்டுமே திங்கட்கிழமை இருக்காது. பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரம் எங்கே போனது என்பதையும் அப்படியே பின்தொடர்ந்த மாதிரி இருக்கும்.

வேளிமலை அடிவாரம் | திங்கள், மாலை 6.30

நல்ல யோசனைதான், ஆனால் மார்த்தாண்டத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலான போக்குவரத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்டால் நிதானம் என்ற சொல்லே மறந்துவிடும். அதைத் தனியாக ஒரு நாள் ரயிலில் போய் வரலாம்.

விளக்கிச் சொல்ல ஆள் இல்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து எண் போட்டால்தான் அருங்காட்சியகம் என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலின் நீண்ட பிரகாரத் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடந்தாலே ஒரு காலைப்பொழுது போய்விடும். 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியே பகுதி பகுதியாகத்தான் தரிசிக்க முடியும். 2022 ஜூலையில் அங்கே குடமுழுக்கு நடந்தது; அதற்கு முந்தையது 418 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்கிறார்கள்.

பேச்சிப்பாறையையும் மறக்க வேண்டாம். 1906-இல் முடிந்த அந்த அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. நீர் குறைந்த கோடையில் கரையோரம் நன்றாகத் தெரியும். குலசேகரத்திலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலைதான் இந்த முழுப் பயணத்திலும் காரோட்டுவதற்கென்றே ஓட்டத் தகுந்த சாலை.

குழித்துறை ஆறு | திங்கள், இரவு 9.15

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மதியத்தில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் கறியும் கிடைக்காத ஊர் வழியில் எதுவும் இல்லை. மார்த்தாண்டம் சந்தையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் நீளமே இருக்கும், ஆனால் கார் முழுக்க மணக்கும். மே மாதம் என்பதால் வரிக்கைச் சக்கையும் (பலாப்பழம்) கிடைக்கும், ஆனால் முழுச் சக்கையை வாங்கிப் பின்னிருக்கையில் போட்டு வெயிலில் நிறுத்திவிடாதீர்கள். தேனைக் கடைசி நாளில் வாங்குங்கள்.

கருப்பட்டியைப் பொறுத்தவரை ஒன்று: நெடுஞ்சாலையோரம் அடுக்கி வைத்திருப்பதில் சீனி கலந்ததும் உண்டு. விலை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். காய்ச்சும் இடத்தில் வாங்கினால் அந்தக் கேள்வியே எழாது.

வடசேரி வாசி | செவ்வாய், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. நானும் கணவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். குறை இருந்தால் சொல்லுங்கள்.

குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் இடையில் எங்காவது தங்குகிறோம். தினமும் நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்து மீண்டும் போவது வீண் அலைச்சல் என்று அவர் சொன்னது எனக்கும் சரியாகப்பட்டது. அக்கானிக்கும் அரண்மனைக்கும் ஒரே நாளில் ஓட மாட்டோம். முதல் நாள் செவ்வாய்க்கிழமையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, போகும் வழியில் பத்மநாபபுரமும் மாலையில் உதயகிரியும். மறுநாள் விடியலில் அக்கானி, காய்ச்சும் இடத்திலேயே முற்பகல் வரை இருந்துவிட்டு, மாலையில் மாத்தூர். காய்ந்த தொட்டியாக இருந்தாலும் டீச்சர் சொன்ன ஐந்து மணிக்குத்தான் போவோம். அடுத்த நாள் காலையில் சிதறால், பிற்பகலில் திருநந்திக்கரை. அதற்கடுத்து ஆதிகேசவப் பெருமாள் கோவிலும் பேச்சிப்பாறைச் சாலையும், திரும்பும் வழியில் தேனும். திருவனந்தபுரத்தை நாஞ்சில் ஐயம் அண்ணன் மன்னிக்க வேண்டும், அது அடுத்த முறை. கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தை ஊர் திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை பார்த்துக்கொள்கிறோம் என்று முக்கடல் அண்ணனுக்கு உறுதி சொல்கிறேன்.

பனைவிளைத் தம்பி, உங்கள் பக்கத்தில் யாராவது எங்களை ஒரு காலை நேரத்துக்கு ஏற்றுக்கொள்வார்களா? தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

பனைவிளை | செவ்வாய், இரவு 10.20

பார்த்தேன் அக்கா. எங்கள் சித்தப்பாவின் விளையிலேயே பார்த்துக்கொள்ளலாம். விருந்துக்கு வருவதுபோல் வாருங்கள், ஆனால் நேரத்தோடு வாருங்கள். ஏழரை மணிக்கு மேல் வந்தால் முதல் மரங்களின் அக்கானி அடுப்புக்குப் போய்விடும். காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு உள்ளே நடக்க வேண்டும், மண்பாதை குறுகல். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் மூடியுள்ள சில்வர் பாத்திரம் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் நுரைத்துவிடும். முதல்நாள் இரவு மழை பெய்தால் ஏறமாட்டார்கள், அப்படியானால் நான் காலையிலேயே செய்தி அனுப்பிவிடுவேன். அன்றைக்குச் சிதறாலை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், இரண்டு மரத்து அக்கானியையும் தனித்தனிப் பட்டையில் ஊற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.